பட்ஜெட் வீங்குகிறது, கட்டடம் ஏறவில்லை: சிறு வீட்டுத் திட்டத்தில் கோளாறு எங்கே என்று பிடிக்கும் வழி

நான்கைந்து வீடுகள் கொண்ட சின்னக் கட்டடத்தில் கோளாறு ஒருநாளும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வராது. "கையில் பணம் நிற்கவே இல்லை", "ஆள் வருகிறார்கள், வேலை தெரியவில்லை", "போன வாரம் சொன்ன அதே கதைதான் இந்த வாரமும்" என்று அறிகுறியாகத்தான் வரும். ஒரு அறிகுறிக்குப் பின்னால் மூன்று நான்கு காரணங்கள் ஒளிந்திருக்கும். எது என்று தெரியாமல் மேஸ்திரியை மாற்றுவது, ரேட்டைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போடுவது என்று இறங்கினால், இருந்த கோளாறோடு புதிதாக ஒன்று சேரும்.

அதனால் கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் சைட்டில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கே நேராகப் போய்ப் படிக்கலாம். அதற்கு முன் ஒரு தாள் மட்டும் தயாராக வேண்டும்.

முதலில் அந்தத் தாள்

வேலையை 15 அல்லது 20 தலைப்புகளாகப் பிரியுங்கள்: மண் வேலை, அஸ்திவாரம், தூண், தளம், சுவர், பூச்சு, மின்சாரம், குழாய், ஜன்னல் கதவு, தரை, பெயிண்ட் என்று. அதற்கு மேல் பிரித்தால் இரண்டாவது வாரத்திலேயே யாரும் நிரப்ப மாட்டார்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே நான்கு எண்கள்:

- முதலில் போட்ட பட்ஜெட்
- ஆர்டர் கொடுத்தோ வாய்ச்சொல்லாகவோ ஒப்புக்கொண்ட தொகை
- இதுவரை கொடுத்தது
- இந்தத் தலைப்பை முடிக்க இன்னும் எவ்வளவு ஆகும்

நான்காவது எண்தான் உயிர். அதைப் பட்ஜெட்டிலிருந்து கொடுத்ததைக் கழித்து எழுதக் கூடாது. அப்படி எழுதுபவருக்கு எந்தக் காலத்திலும் செலவு மீறாது, தாளில். சைட்டில் நின்று, மீதி எத்தனை சதுர மீட்டர், எத்தனை கதவு, இன்றைய ரேட் என்ன என்று புதிதாகக் கணக்கிட வேண்டும். மாதம் ஒருமுறை போதும். ஆனால் எல்லாத் தலைப்புக்கும் ஒரே நாளில் போட வேண்டும்.

சரி, இனி அறிகுறிகள்.

"பாதிப் பணம் போய்விட்டது, பாதி வேலை முடியவில்லை"

அதிகம் கேட்கும் புலம்பல் இது. பாதி நேரம் இது நோயே இல்லை. மொத்தக் கம்பியையும் ஒரே தடவையில் வாங்கிப் போட்டிருந்தாலோ, ஜன்னல்காரருக்கும் லிஃப்ட்காரருக்கும் முன்பணம் கொடுத்திருந்தாலோ, பணம் வேலையை முந்திக்கொண்டுதான் தெரியும். எனவே "போன பணம்" என்பதை முதலில் உரித்துப் பார்க்க வேண்டும்.

மொத்த பட்ஜெட் 100 என்று வைத்துக்கொள்வோம். கொடுத்தது 52. முடிந்த வேலையை அளந்து, பட்ஜெட் ரேட்டில் மதிப்புப் போட்டால் 40 வருகிறது. பார்த்தவுடன் 12 நஷ்டமான மாதிரி இருக்கும். ஆனால் சைட்டில் கிடக்கும் ஸ்டாக் 5, இன்னும் வேலையாக மாறாத முன்பணம் 4. இரண்டையும் கழித்தால் 43. அதாவது 40 மதிப்புள்ள வேலைக்கு 43 செலவு. இதே போக்கில் போனால் மொத்தம் 107 அல்லது 108-இல் முடியும். சுகமில்லை, ஆனால் பயப்படவும் வேண்டாம்.

இங்கேயே நிறுத்திவிடுபவர்கள்தான் அப்புறம் மாட்டிக்கொள்கிறார்கள். எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள்: வேலை முடிந்து, பில் வந்து, இன்னும் கொடுக்காத பாக்கி எவ்வளவு? அது 3 என்றால் உண்மைச் செலவு 46. 40 வேலைக்கு 46 என்றால், இதே போக்கில் மொத்தம் 115. பாங்க் கணக்கு காட்டாத அந்த 3, முடிவை ஏழெட்டுப் புள்ளி நகர்த்திவிட்டது பாருங்கள். அலமாரியில் தூங்கும் பில்லும், "அடுத்த வாரம் தருகிறேன்" என்று மெட்டீரியல் கொடுத்தவரிடம் சொல்லிவைத்த பாக்கியும் முதலில் தாளுக்கு வர வேண்டும்.

அடுத்த கேள்வி, அந்தக் கூடுதல் 6 எங்கிருந்து வந்தது? தோண்டும்போது பாறை வந்ததாலோ, மண் இளகலாக இருந்து அஸ்திவாரம் ஆழமானதாலோ வந்திருந்தால், அது திரும்ப வராது. மொத்தம் 106-இல் நிற்கும். எல்லாத் தலைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து 6 ஆகியிருந்தால் அது போக்கு. மீதி வேலையிலும் தொடரும், 115-க்குத் தயாராக வேண்டும். 106-க்கும் 115-க்கும் நடுவில்தான் ஒரு சிறு பில்டரின் லாபத்தில் பெரும்பகுதி உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இந்தப் பிரிப்பை அவசரத்தில் செய்ய வேண்டாம்.

போக்கு என்று தெரிந்தால் அதையும் ரேட், அளவு என்று இரண்டாக உடைக்க வேண்டும். வாங்கிய ரேட் கூடியிருந்தால் பில்லைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அளவு கூடியிருந்தால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

"கணக்குப்படி வாங்கினோம், பொருள் பற்றவில்லை"

உடனே எல்லோரும் சந்தேகப்படுவது திருட்டை. திருட்டும் இருக்கலாம், ஆனால் நான் பார்த்தவரை பொருள் பெரும்பாலும் கட்டடத்துக்குள்ளேயேதான் போயிருக்கும், தேவையில்லாத தடிமனாக.

தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டருக்கு 8 மீட்டர், தடிமன் 125 மில்லிமீட்டர் என்றால் 10 கனமீட்டர் காங்கிரீட். சென்ட்ரிங் பலகை சில இடங்களில் தொய்ந்து, மேல்மட்டம் சரிக்கட்டப்பட்டு, சராசரியாக 140 மில்லிமீட்டர் விழுந்தால் 11.2 கனமீட்டர். கண்ணுக்கே தெரியாத 15 மில்லிமீட்டர், காங்கிரீட்டை 12 சதவீதம் கூட்டிவிடும். தளத்தின் சொந்த எடையும் அதே அளவு கூடுகிறது, அது வேறு. காங்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் நூல் கட்டி, பத்துப் பன்னிரண்டு இடத்தில் பலகையிலிருந்து நூலுக்கு அளந்து எழுதி வைத்தால் இது பிடிபடும். போட்ட பிறகு அளந்து பயனில்லை.

பூச்சு இன்னும் மோசம். 12 மில்லிமீட்டர் பூச்சு 100 சதுர மீட்டருக்கு 1.2 கனமீட்டர் கலவை. சுவர் தூக்குக்குண்டில் நிற்காமல் சாய்ந்திருந்தால் அதை மறைக்கப் பூச்சு 20 ஆகும், கலவை 2 கனமீட்டர். மூன்றில் இரண்டு பங்கு கூடுதல். ஒருமுறை என் சைட்டில் பூச்சுக்காரரிடம் சிமென்ட் எங்கே போச்சு என்று கத்திக்கொண்டிருந்தேன். அவர் பதில் பேசாமல் சுவர் ஓரத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் காட்டினார். மேலிருந்து கீழே வருவதற்குள் இரண்டு விரல் விலகியிருந்தது. அந்தச் சுவரைக் கட்டியவருக்கு நான் முழுப் பணமும் கொடுத்து அனுப்பி இரண்டு மாதமாகியிருந்தது. சுவர் பில்லைப் பாஸ் செய்யும் முன் தூக்குக்குண்டு போடும் பழக்கம் அன்றைக்கு வந்தது.

கம்பிக்குக் கணக்கு எளிது. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கான கிலோ வரும். 8 மில்லிமீட்டருக்கு 0.395, 10-க்கு 0.617, 12-க்கு 0.889, 16-க்கு 1.58. வரைபடத்தில் உள்ள கம்பி அட்டவணையை இந்தக் கணக்கில் எடையாக மாற்றி, மேலடுக்கு நீளத்தையும் (இரண்டு கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இணையும் நீளம்) சேர்த்து, வந்த எடைச்சீட்டோடு ஒப்பிடுங்கள். துண்டுக் கழிவு 3 முதல் 5 சதவீதம் என்றால் கேள்வி கேட்க வேண்டாம். 8, 9 என்று போனால் வெட்டும் முறையில் கோளாறு. நீளமானதை முதலில் வெட்டி, மிச்சத் துண்டில் ரிங்கும், மேல் கம்பியைத் தாங்கும் "சேர்" துண்டும் எடுக்கிறார்களா, அல்லது ஒவ்வொன்றுக்கும் புதுக் கம்பியை எடுக்கிறார்களா என்று அரை மணி நேரம் நின்று பாருங்கள். போதும்.

சிமென்டுக்கு இப்படி: 1:1.5:3 கலவையில் (சிமென்ட், மணல், ஜல்லி) ஒரு கனமீட்டர் காங்கிரீட்டுக்குச் சுமார் 400 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை எட்டு. காலி மூட்டையை எண்ணி வாங்கி அடுக்கச் சொல்லுங்கள். காலி மூட்டை எண்ணிக்கையும் போட்ட கனமீட்டரும் ஒத்துவராத இடத்தில் மட்டும்தான் திருட்டு பற்றிப் பேசலாம். மூட்டை குறைவாகப் போயிருந்தால் அது இன்னும் கெட்ட செய்தி, அங்கே போய்விட்டது பலம்.

மணலில் ஒரு சூட்சுமம் உண்டு. ஈர மணல் பொங்கும், உலர்ந்த மணலைவிட 20 முதல் 30 சதவீதம் கூட இடம் பிடிக்கும். கன அளவில் வாங்கினால் அந்தக் காற்றுக்கும் சேர்த்துத்தான் காசு. நேரான கண்ணாடிப் பாத்திரத்தில் ஈர மணலை அழுத்தாமல் 200 மில்லிமீட்டர் உயரத்துக்குப் போட்டு, தண்ணீரை முழுக ஊற்றிக் கிளறிவிட்டுப் படியவிடுங்கள். 160-க்கு இறங்கினால் பொங்கல் 25 சதவீதம். எடையில் வாங்கினாலும் தண்ணீருக்குக் காசு போகும், ஆனால் அது அற்பம். கலவை போடும்போதும் இந்தப் பொங்கலைக் கணக்கில் எடுக்காவிட்டால் மணல் குறைந்து, அதே கனமீட்டருக்குச் சிமென்ட் கூட இழுக்கும்.

"வேலை 90 சதவீதம் முடிந்தது" என்று ஆறு வாரமாகச் சொல்கிறார்கள்

சொல்பவர் பொய் சொல்லவில்லை. கண்ணால் பார்த்துச் சதவீதம் சொன்னால் எல்லோருக்கும் 90 வரைதான் தெரியும். மீதிப் பத்தில்தான் ஓரம் கட்டுவது, ஸ்விட்ச் பெட்டியைச் சுற்றி அடைப்பது, கதவு உரசுவதைச் சரிசெய்வது எல்லாம் கிடக்கும். அதற்கு ஆள் வர மனசு வராது, அளவு குறைவு, கூலி கட்டாது.

மருந்து: சதவீதத்தைக் கேட்பதையே விட்டுவிடுங்கள். அறை அறையாக, "முடிந்ததா, இல்லையா" என்று மட்டும் கேளுங்கள். முடிந்தால் 100, இல்லையென்றால் பூஜ்யம். ஒரு வாரத்துக்குள் முடியும் வேலைக்கு இது அருமையாகப் பொருந்தும். நீண்ட வேலையைச் சோதிக்கக்கூடிய படிகளாக வெட்டுங்கள். குளியலறைக்கு நான் வைப்பது: குழாய் பதித்து அழுத்தச் சோதனை தேறினால் 30, நீர்க்காப்புப் பூச்சு முடிந்து தண்ணீர் தேக்கிப் பார்த்தால் 25, டைல்ஸ் 30, குழாய்ச் சாமான் பொருத்தினால் 15. சோதனை தேறாத படிக்கு மதிப்பு கிடையாது. இந்த எண்கள் உங்கள் ரேட்டுக்கு ஏற்ப மாறட்டும், ஆனால் வேலை தொடங்கும் முன்பே எழுதி ஒட்டிவிட வேண்டும்.

முதல் வாரம் இந்த முறையில் போட்டால் முன்னேற்றம் பின்னோக்கிப் போன மாதிரித் தெரியும். 78 என்று நினைத்தது 61 ஆகும். கோபப்பட வேண்டாம், அது நேற்றும் 61-தான்.

"ஆள் வருகிறார்கள், வேலை நகரவில்லை"

காலையில் சைட்டுக்குப் போய் யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். கொத்தனார் ஜன்னல் அளவுக்குக் காத்திருப்பார், மின்சாரக்காரர் சுவருக்கு, டைல்ஸ்காரர் உங்கள் முடிவுக்கு. உழைப்பு போதாமல் நின்ற சைட்டைவிட, முன்வேலை முடியாமல் நின்ற சைட்டுகளே அதிகம்.

இதைப் பிடிக்க ஒரு சின்ன நோட்டு போதும். வாரத் தொடக்கத்தில் மேஸ்திரியும் மற்ற வேலைக்காரர்களும் சேர்ந்து இந்த வாரம் முடிக்கப்போவதை அவர்களே சொல்லட்டும், எழுதிக்கொள்ளுங்கள். வாரக் கடைசியில் எண்ணுங்கள். 12 சொல்லி 7 முடிந்திருந்தால் 58 சதவீதம். முடியாத ஐந்துக்கும் பக்கத்தில் காரணத்தை ஒரே வார்த்தையில் எழுதுங்கள்: படம், பொருள், ஆள், முன்வேலை, முடிவு, மழை. நான்கு வாரம் ஆனதும் எந்த வார்த்தை அதிகம் வந்திருக்கிறது என்று பாருங்கள். "முடிவு" என்ற வார்த்தைதான் அதிகம் என்றால், சைட் தாமதத்துக்குக் காரணமானவர் கண்ணாடியில் தெரிவார். எனக்குத் தெரிந்தது.

பொருளும் முடிவும் தாமதமாவதற்குத் தீர்வு, நாளைப் பின்னோக்கி எண்ணுவது. ஜன்னல் 30-ஆவது வாரம் சைட்டில் இருக்க வேண்டும், செய்து தர ஆறு வாரம், படம் பார்த்து ஒப்புதல் கொடுக்க இரண்டு வாரம் என்றால், 22-ஆவது வாரமே அதைப் பற்றி உட்கார வேண்டும். லிஃப்ட், மின்பலகை, தரை டைல்ஸ், கதவு, குளியலறைச் சாமான் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு "கடைசித் தேதி" எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த மூன்று வாரத்தில் தொடங்கப்போகும் ஒவ்வொரு வேலைக்கும் படம், பொருள், ஆள், முன்வேலை நான்கும் தயாரா என்று கேளுங்கள். நான்கில் ஒன்று இல்லையென்றால் அந்த வேலையை அட்டவணையில் எழுத வேண்டாம், எழுதினாலும் நடக்காது.

தாமதத்தை ஈடுகட்டும் அவசரத்தில் கை வைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. சாதாரண சிமென்ட் காங்கிரீட் 28 நாள் பலத்தில் ஏழு நாளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத்தான் எட்டும். "தளத்தைத் தாங்கும் முட்டுகளைப் பிரித்தால் கீழே சுவர் கட்டலாமே" என்று யாராவது கேட்பார்கள். பொறியாளர் சொன்ன நாளுக்கு முன் பிரிக்கக் கூடாது, மேலே அடுத்த தளம் போடுகிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். தண்ணீர் விடுவதையும் ஏழு நாளுக்குக் குறைக்கக் கூடாது, கலப்புச் சிமென்ட் என்றால் பத்து நாளாவது வேண்டும். முட்டு நிற்கும் நாட்களுக்கான வேலையை முன்பே ஒதுக்கி வையுங்கள்: கழிவுநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், வெளிக்குழாய், கதவு நிலைகளுக்கு மருந்தடிப்பது. தளம் காய்வதை வேடிக்கை பார்த்துக்கொண்டு ஆளுக்குக் கூலி கொடுப்பது திட்டமிடாத சைட்டில் மட்டும்தான் நடக்கும்.

"கூடுதல் வேலை" என்று பில்லுக்கு மேல் பில்

"செய்யுங்க, அப்புறம் பாத்துக்கலாம்." இந்தத் தொழிலில் இதைவிட விலை உயர்ந்த வாக்கியம் இல்லை. அப்புறம் பார்க்கும்போது வேலை முடிந்திருக்கும், பேரம் பேச உங்கள் கையில் எதுவும் இருக்காது.

முதலில் வந்திருக்கும் கூடுதல் பில்களை மூன்று குவியலாகப் போடுங்கள். ஒன்று, ஒப்பந்தத்தில் உள்ள வேலைதான், அளவு கூடியிருக்கிறது. இதற்குப் பழைய ரேட்டே செல்லும், அளந்தால் போதும். இரண்டு, நீங்களோ வீடு வாங்கப்போகிறவரோ மாற்றச் சொன்னது. மூன்று, படத்திலேயே தவறு அல்லது விடுபட்டது. இரண்டாம் குவியல் பெரிதாக இருந்தால் நீங்கள் வாயைக் கட்ட வேண்டும். மூன்றாவது பெரிதாக இருந்தால் மீதிப் படங்களை இப்போதே ஒருமுறை முழுதாகச் சரிபார்க்க ஆள் வைக்க வேண்டும். அந்தக் கூலி எப்போதும் மிச்சம்தான்.

இனி வரும் மாற்றத்துக்கு ஒரு பக்கப் படிவம் போதும்: தேதி, யார் கேட்டது, என்ன, எவ்வளவு, எத்தனை நாள் கூடும், இரண்டு கையெழுத்து. நாள் என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். பூசிய சுவரில் ஒரு கதவை நகர்த்தினால் சுவர்ச் செலவு மட்டும் இல்லை. உடைப்பு, குப்பை வெளியேற்றம், மின்குழாய் மாற்றம், திரும்பப் பூச்சு, அது காயும்வரை நிற்கும் பெயிண்டர் என்று போகும். வாங்குபவர் கேட்ட மாற்றம் என்றால் அவரிடம் பணம் வந்த பிறகுதான் சுத்தியல் எடுக்க வேண்டும்.

நாம் வழக்கமாக மறந்துவிடுவது ஒன்று உண்டு: கழித்துக்கொள்ள வேண்டிய தொகை. அலமாரிப் பலகை வேண்டாம் என்று சொன்னால் அதற்கான தொகை பில்லிலிருந்து குறைய வேண்டும். கூடுதலைக் கேட்க ஒப்பந்ததாரர் மறக்க மாட்டார், குறைவை ஞாபகப்படுத்துவது உங்கள் வேலை.

மண்ணுக்குள் போகும் எதையும் மூடும் முன் இரு தரப்பும் சேர்ந்து அளந்து, டேப்பை வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். அஸ்திவார ஆழம் பற்றி மூன்று மாதம் கழித்து வரும் தகராறில் இருவரும் உண்மையாகவே நம்பித்தான் பேசுவார்கள், அதுதான் சிக்கல்.

ஒப்பந்ததாரர் மறுபடி மறுபடி முன்பணம் கேட்கிறார், வேலை மந்தம்

இதற்கு நேர் எதிரான இரண்டு காரணங்கள் உண்டு. வைத்தியமும் நேர் எதிர். எனவே சோதனை செய்யாமல் கை வைக்க வேண்டாம்.

சோதனை இதுதான்: இன்றைக்கு இவர் போய்விட்டால், மீதி வேலையை முடிக்க இன்னொருவர் எவ்வளவு கேட்பார்? தாளின் நான்காவது எண்ணேதான். அதை, ஒப்பந்தப்படி இவருக்கு இன்னும் கொடுக்க வேண்டிய தொகையோடு ஒப்பிடுங்கள். மீதித் தொகை குறைவாக இருந்தால் நீங்கள் வேலையை முந்திப் பணம் கொடுத்திருக்கிறீர்கள். கட்டம் கட்டமாகப் பணம் கொடுக்கும் ஒப்பந்தங்களில் இது சுலபமாக நடக்கும். அஸ்திவாரத்துக்கும் தளத்துக்கும் கனமான தொகையை வைத்து, பூச்சுக்கும் தரைக்கும் மெலிதாக வைத்திருப்பார்கள். சதைப்பற்றுள்ள பாகம் முடிந்ததும் ஆர்வமும் முடிந்துவிடும். இப்போது செய்யக்கூடியது, மீதி வேலையைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அளந்த பிறகே பணம் என்று புதிதாகப் பேசுவது. பொருளை நீங்களே வாங்கிக்கொடுத்து அவருக்குக் கூலி மட்டும் வைப்பது. முன்பணம் இன்னொரு தடவை கொடுத்துச் சரிசெய்யலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம்.

மீதித் தொகை அதிகமாக இருந்தால் கதை வேறு. நீங்கள் பில்லுக்கான பணத்தைத் தாமதமாகக் கொடுக்கிறீர்கள். பில் வந்த தேதி, பணம் போன தேதி, நடுவில் எத்தனை நாள் என்று கடைசி ஆறு பில்லுக்குப் பாருங்கள். வாரக்கூலி கொடுக்க முடியாத ஒப்பந்ததாரரிடமிருந்து முதலில் போவது நல்ல ஆட்கள்தான், மற்றவர்கள் தங்குவார்கள். அவரைத் திட்டிப் பயனில்லை, பில்லைப் பாஸ் செய்யும் நாளை நிலையாக்குங்கள்.

தாளில் லாபம் இருக்கிறது, இந்த வாரக் கூலிக்குப் பணம் இல்லை

லாபமும் ரொக்கமும் ஒரே நாளில் வருவதில்லை. கடன் கொடுப்பவர் பெரும்பாலும் கட்டம் முடிந்து, ஆள் வந்து பார்த்த பிறகே அடுத்த தவணையை விடுவிப்பார். அதாவது எப்போதும் ஒரு கட்டத்துக்கான பணம் உங்கள் கையில் இருந்தாக வேண்டும். அடுத்த 12 வாரத்துக்கு வாரவாரியாக உள்ளே வருவது, வெளியே போவது என்று இரண்டு வரிசை எழுதுங்கள். வருவதை நான்கு வாரம் தள்ளிப்போட்டுப் பாருங்கள். எந்த வாரத்தில் கழித்தல் குறி வருகிறதோ, அந்த வாரத்துக்கு இன்றைக்கே ஏற்பாடு செய்யுங்கள். அந்த வாரத்தில் போய்க் கேட்டால் கிடைக்கும் கடனுக்கு வட்டி வேறு மாதிரி இருக்கும்.

தாமதத்தின் விலையையும் ஒரு எண்ணாக வைத்துக்கொள்வது நல்லது. மொத்தச் செலவு 100, அதில் கடன் 60, வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் மாதம் 0.6. காவல், மேற்பார்வை, சாரம் வாடகை மாதம் 0.4. ஆக மாதம் 1. எதிர்பார்க்கும் லாபம் 15 என்றால் மூன்று மாதத் தாமதம் அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். இந்த எண் தெரிந்திருந்தால், இரண்டாவது பூச்சுக் கும்பலைக் கொஞ்சம் கூடக் கொடுத்து இறக்கலாமா என்ற கேள்விக்கு அங்கேயே நின்று பதில் சொல்லிவிடலாம்.

எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கியது தளம் போடுவதற்குள் தீர்ந்துவிட்டது

என்னென்ன எடுத்தீர்கள் என்று பட்டியல் போடுங்கள். பாறை, மண், மழை நீர் இறைப்பு என்றிருந்தால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது. நல்ல டைல்ஸ், பெரிய நுழைவாயில் என்றிருந்தால் அது எதிர்பாராச் செலவு இல்லை, ஆசை. இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி வேண்டும்.

மறுபடி ஒதுக்கும்போது மொத்த பட்ஜெட்டில் இத்தனை சதவீதம் என்று போடாமல், தாளின் நான்காவது எண்ணில், அதாவது மீதி வேலையில் 5 முதல் 10 சதவீதம் என்று போடுங்கள்.

ஒப்படைக்கும் நேரத்தில் குறைப்பட்டியல் நீண்டுகொண்டே போகிறது

பெரும்பாலும் தண்ணீர்தான். டைல்ஸ் போட்ட பிறகு கசிவு தெரிந்தால் அது நாலு வேலையை உடைத்துக்கொண்டு வெளியே வரும். இப்போது மீதமுள்ள குளியலறைகளிலாவது பூச்சுக்கு முன் குழாய் அழுத்தச் சோதனையும், டைல்ஸுக்கு முன் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்ப்பதும் கட்டாயமாகட்டும். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படர்கிறதா என்று மறுநாள் பார்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.

ஏற்கெனவே உள்ள பட்டியலை வீடு வீடாக எழுதினால் எல்லா ஆளும் எல்லா வீட்டுக்கும் அலைவார்கள். ஆள் ஆளாகப் பிரித்து, ஒரு வீட்டை முழுதாக முடித்துப் பூட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பூட்டிய வீட்டின் சாவி ஒருவரிடம் மட்டும். பெயிண்டர் முடித்த அறைக்குள் ஏணியைத் தூக்கிக்கொண்டு மின்சாரக்காரர் திரும்பப் போனால் பட்டியல் ஒருநாளும் தீராது.

ஒப்பந்ததாரரின் பில்லிலிருந்து பிடித்தத் தொகையாக 5 முதல் 10 சதவீதம் நிறுத்தி வைத்திருந்தால் அதில் பாதியைச் சாவி கொடுக்கும்போதும், மீதியைக் குறைபாட்டுக் காலம் (குறைகளை அவரே சரிசெய்து தர வேண்டிய காலம்) முடிந்ததும் கொடுப்பது வழக்கம். அந்த இரண்டாம் பாதியை, ஒரு முழு மழைக்காலம் போன பிறகு மொட்டை மாடியையும் ஜன்னல் ஓரங்களையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு விடுவியுங்கள்.